அவங்க அப்பா நைட்டு, மிஸ்

எனக்குத் தொண்டை பெரிது. பெருமைக்குச் சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன். யு.கே.ஜி. வகுப்பில் நின்றுகொண்டு நான் "உட்காரு" என்றால் மாடியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் உட்கார்ந்துவிடுவார்கள் என்று எங்கள் பள்ளியில் கேலி செய்வார்கள். செய்யட்டும். முப்பத்து மூன்று வருஷமாக நாலு வயசு, ஐந்து வயசுப் பிள்ளைகளோடு கத்திக் கத்தி உரமேறிய தொண்டை இது. மைக் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது.

செங்கமலம் மிஸ் என்றால் நெய்வேலி டவுன்ஷிப்பில் பாதிப் பேருக்குத் தெரியும். பஜாருக்குக் காய் வாங்கப் போனால் மீசை வைத்த ஆள் யாராவது பைக்கை நிறுத்தி, "மிஸ், நான் உங்ககிட்ட யு.கே.ஜி. படிச்சேன்" என்பான். "மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருப்பியே, அவன்தானே நீ?" என்று கேட்டால் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டி சிரிப்பாள். எல்லாம் ரெண்டு நிமிஷம்தான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் கத்திரிக்காயைப் பொறுக்க ஆரம்பிப்பேன்.

கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அந்த வகையில் ஒரு நிம்மதி. அப்பா நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட் வேலையில் இருந்தார். அவர் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்திரா நகரில் ஒரு மாடி போர்ஷனுக்கு வந்தோம். அங்கேயே அம்மா போனாள், அப்பா போனார். தம்பி மதிவாணன் ஓசூரில் இருக்கிறான். இப்போது அந்த வீட்டில் நான் மட்டும்தான். சாயங்காலம் நாலரை மணிக்குச் சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே வைத்துப் பூட்டினேன் என்றால், மறுநாள் காலை எட்டு மணி வரைக்கும் இந்தப் பெரிய தொண்டைக்கு ஒரு வேலையும் கிடையாது. சில நாள் பால்காரரிடம் வேண்டுமென்றே சண்டை போடுவேன். அவரும் பாவம், பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்.

என் கதை கிடக்கட்டும். எழில்மதியைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

போன ஜூன் மாதம் யு.கே.ஜி.யில் வந்து சேர்ந்தாள். ரெட்டைப் பின்னல், எண்ணெய் வழியும் நெற்றி, ரெண்டு சைஸ் பெரிய ஷூ. முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் "அம்மா" என்று கூரை பறக்க அழுதுகொண்டிருந்தபோது இவள் மட்டும் சத்தமில்லாமல் அழுதாள். கண்ணீர் கொட்டுகிறது, வாய் மூடியே இருக்கிறது. என் சர்வீஸில் அப்படி ஓர் அழுகையை நான் பார்த்ததில்லை.

ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று. பெயர் கேட்டால் பதில் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் தலையாட்டல். பாத்ரூம் போக வேண்டுமென்றால் வந்து என் புடவையைப் பிடித்து இழுப்பாள். ஒருநாள் பொறுமை போய், "ஏன்டி, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று கத்திவிட்டேன். அவள் சட்டென்று ரெண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த நந்தினிதான் பதில் சொன்னாள். எழில்மதி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. வாய் மூடவே மூடாது.

"அவ பேச மாட்டா மிஸ். அவங்க அப்பா நைட்டு, மிஸ்."

இந்த ஊரில் ஒருத்தர் 'நைட்டு' என்றால் ராத்திரி பத்து மணிக்கு வேலைக்குப் போய்க் காலை ஆறு மணிக்கு வருகிறவர் என்று அர்த்தம். இதில் என்ன அதிசயம் இருக்கிறது? நெய்வேலியில் ஏதாவது ஒரு வாரத்தில் பாதி அப்பாக்கள் நைட்டுதான்.

"எங்கப்பாவும்தான்டி நைட்டு பார்த்தாரு. நான் பேசலையா? நீ உன் எழுத்தைப் போடு" என்று சொல்லி அவள் தலையைச் சிலேட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன்.

ஐந்து வயசுப் பிள்ளை ஜூன் மாதமே விஷயத்தைக் கையில் கொண்டுவந்து கொடுத்தது. அந்த வார்த்தையைப் பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துப்போயிருந்தது. வெளியூர்க்காரியாக இருந்திருந்தால் 'நைட்டு என்றால் என்ன?' என்றாவது கேட்டிருப்பேன். நான் கேட்கவில்லை, ஆறு மாதம் வீணாயிற்று.

காது, தொண்டை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். காட்டிவிட்டு வந்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதிய சீட்டைப் பையில் வைத்து அனுப்பினார்கள். குறை இல்லை என்பது எனக்கு முன்னாலேயே தெரியும். நாங்கள் பாட்டுப் பாடும்போது அவள் உதடு அசையும். நந்தினி வரியைத் தப்பாகப் பாடினால் இவள் நெற்றி சுருங்கும். கையெழுத்தோ, முத்து. "ழ" போடச் சொன்னால் வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் நண்டு வரைவார்கள், இவள் ஒருத்திதான் "ழ" போடுவாள். உள்ளே எல்லாம் இருக்கிறது. கதவுதான் சாத்தியிருக்கிறது.

நவம்பரில் ஹெச்.எம். கூப்பிட்டார். பிரபாவதி மேடம் என்னைவிடப் பத்து வயசு சின்னவர். கெட்டவர் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு காகிதம் வேண்டும்.

"உங்க அனுபவத்தை நான் குறை சொல்லல செங்கமலம் மிஸ். ஆனா ஒண்ணாங் கிளாஸ்ல நாப்பத்தஞ்சு பிள்ளைங்க. வாயே திறக்காத பிள்ளையை அங்க யார் பார்ப்பாங்க? கடலூர்ல ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கு. அங்க நல்லா பார்த்துக்குவாங்க."

"அந்த மாதிரி ஸ்கூல் தேவைப்படுற பிள்ளைங்க இருக்காங்க மேடம். நானே ரெண்டு பேரை அனுப்பியிருக்கேன். நல்லா வந்திருக்காங்க. இவ அந்த மாதிரி இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"தெரியும்."

"தெரியும்னு ரிக்கார்டுல எழுத முடியாதே மிஸ்."

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேடம் என் வகுப்புக்கு வருவார். எழில்மதி ஒரே ஒரு வாக்கியம் வாய் திறந்து பேசினால் போதும், ஒன்றாம் வகுப்பு. பேசாவிட்டால் அன்றைக்கே அவள் அம்மாவைக் கூப்பிட்டு, கடலூர் ஸ்கூலுக்கு மாற்றும் லெட்டரைக் கையில் கொடுத்துவிடுவார். "பேசுவா மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். 

அந்தச் சனிக்கிழமையே அவள் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். ஒரு பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குக்கூட வராத அம்மாவை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று கோபத்தோடுதான் சைக்கிளை மிதித்தேன். மந்தாரக்குப்பம் தாண்டி, ஷீட் போட்ட வீடுகள் வரிசையாக ஏழெட்டு. பகல் பதினொரு மணி. ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, "யாருங்க வீட்ல?" என்று என் வழக்கமான குரலில் கூப்பிட்டேன்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வாயில் விரலை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் பின்னால், திறந்த கதவு வழியாக அந்த ஒற்றை அறை முழுவதும் தெரிந்தது. ஜன்னலில் கறுப்புத் துணி. பாயில் ஓர் ஆள் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தலைமாட்டில் எழில்மதி சம்மணம் போட்டு உட்கார்ந்து, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. மிஸ் வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் வெட்கப்படும், ஒளியும், சிரிக்கும். இவள் பயந்தாள். என்னைப் பார்த்து இல்லை, என் தொண்டையைப் பார்த்து.

அவள் அம்மா தனம் என்னை முருங்கை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குசுகுசுவென்றுதான் பேசினாள். அவளுக்கு அதுவே பழக்கமாகிவிட்டிருந்தது.

"கோவிச்சிக்காதீங்க மிஸ். எங்க வூட்டுக்காரரு மைன்ஸ்ல காண்ட்ராக்ட்டு. காசு கூட வருதுன்னு நைட்டுதான் வேணும்னு இவரே கேட்டு வாங்கிக்கினாரு. நான் காலைல குவார்ட்டர்ஸ்ல மூணு வூட்டு வேலைக்குப் போறேன். புள்ளைய ஆரு பாக்கறது? ரெண்டு வயசுலேர்ந்து இவரு பக்கத்துலதான் வுட்டுட்டுப் போவேன். இவரு தூங்கிக்கினு இருப்பாரு, அது குந்திக்கினு இருக்கும்."

பெர்மனென்ட்காரர்களுக்கு வாரம் ஒரு ஷிப்ட் மாறும், தூங்குவதற்குத் தனி ரூம் இருக்கும். என் அப்பா நைட்டு பார்த்துவிட்டு உள் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார், நாங்கள் ஹாலில் ஆட்டம் போடுவோம். எழில்மதியின் அப்பா இளவழகன் மூன்று வருஷமாக நைட்டு மட்டும் பார்க்கிறான். இருப்பது ஒரே அறை. தனம் கொலுசைக் கழற்றி டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். விசில் வரும் என்று குக்கரையே பரணில் ஏற்றிவிட்டாள்.

"சரிம்மா, வீட்ல பேசாம இருக்கட்டும். ஸ்கூல்ல பேசினா என்ன?"

தனம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"புள்ளைக்கு அது புரியல மிஸ். பகல்ல சத்தம் போடக் கூடாதுன்னு மனசுல வுழுந்துபோச்சி. நான்தான் பாவி. சின்னதுல கத்தும்போதெல்லாம், 'நீ சத்தம் போட்டா அப்பா தூங்க மாட்டாரு, தூங்கலன்னா டூட்டியில வுழுந்துடுவாரு'ன்னு சொல்லிச் சொல்லி அடக்குவேன். போன வருசம் நெஜமாவே வுழுந்துட்டாரு. வேலை முடிஞ்சி வரும்போது சைக்கிள்லயே தூங்கிட்டாரு. மண்டையில நாலு தையலு. ரத்தத்தோட வந்து நின்னத இது பாத்துச்சி. அன்னிக்கு மூடினதுதான் வாயி."

"பிள்ளைகிட்ட சொல்ற பேச்சாம்மா இது?" என்று என் குரல் எழும்பிவிட்டது. தனம் பதறி என் கையைப் பிடித்தாள். நானே வாயைப் பொத்திக்கொண்டேன்.

"வேற என்னா சொல்லி அடக்கறது மிஸ்? நீங்களே சொல்லுங்க" என்றாள்.  நாலு கேள்வி கேட்கப் போன என்னிடம் அவள்தான் கேள்வி கேட்டாள்.

லெட்டரைப் பற்றிச் சொன்னேன். கடலூருக்குத் தினமும் யார் கூட்டிக்கொண்டு போவது, வேண்டாம் என்றாள். "வூட்லயே கிடக்கட்டும் மிஸ், அவங்கப்பாவுக்குத் தொணையா இருக்கும்." அவள் வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அந்த இருட்டு அறையும் அட்டை விசிறியும் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்தப் பிள்ளை பத்து வயசிலும் அங்கேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பதை நினைத்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன்.

அன்றிலிருந்து என் தொண்டையைக் குறைத்தேன். வீரம்மாள் ஆயா, "என்னா மிஸ், ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்கும் அளவுக்குக் குறைத்தேன். ஸ்கூல் வேறு, வீடு வேறு, இங்கே கத்தினால் அப்பாவுக்குக் கேட்காது என்று எழில்மதியை மடியில் உட்காரவைத்து ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். கேட்டுக்கொள்வாள். தலையை ஆட்டுவாள். வாய் மட்டும் திறக்காது.

ஜனவரியில் ஒருநாள் இளவழகனே டூட்டி முடிந்த கையோடு வந்து, பள்ளி திறக்கும் வரை காத்திருந்தான். உடம்பெல்லாம் கரிப்புழுதி, கையில் சாப்பாட்டு டப்பா. என்னைப் பார்த்து, "வணக்கம் மிஸ்" என்றான். பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மகளின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"பேசும்மா. அப்பா இனிமே வுழ மாட்டேன். சத்தியமா. மிஸ் கிட்ட ஒரு வார்த்த பேசு."

அவள் அவன் முகத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். தூக்கமில்லாமல் கண் ரெண்டும் சிவந்திருந்தன. அவள் மெதுவாக, இல்லை என்று தலையை ஆட்டினாள். "என் கண்ணப் பாத்துட்டு நம்ப மாட்டேங்குது மிஸ்" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போனான்.

நான் மட்டும் நம்பினேன். எதை வைத்து நம்பினேன் என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது. ஸ்டாஃப் ரூமில், "செங்கமலம் மிஸ் பிடிச்ச முயலுக்கு மூணே காலு" என்றார்கள். போங்கடி என்று விட்டுவிட்டேன். முப்பத்து மூன்று வருஷத்தில் நான் கை நீட்டினால் தோளில் ஏறாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. அந்த ஒரு கணக்கை வைத்துத்தான் நம்பினேன்.

மார்ச் கடைசி வாரம் எனக்குக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. லீவு போட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமையை விட முடியுமா? மூன்று நாளாகச் சரியான தூக்கமும் இல்லை. காய்ச்சல் இல்லாத நாளிலேயே அந்த வீட்டில் எனக்குத் தூக்கம் அருமைதான். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்கு மாங்காய்ப் படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னேன். மூன்று மணிக்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது. எழில்மதி பச்சை தீட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் கிரேயானுக்காக நந்தினி எவனோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், நாலு பேர் அதை வேடிக்கை பார்த்துக் கூச்சல் போட்டார்கள். முப்பது பிள்ளைகளின் சத்தம். கண்ணை ஒரே ஒரு நிமிஷம் மூடிக்கொள்ளலாம் என்று மேஜைமேல் தலையைச் சாய்த்தேன்.

எழுந்தபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. மூன்றரை. வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள், வாய்மேல் விரல் வைத்துக்கொண்டு.  யு.கே.ஜி. அப்படி இருக்கவே இருக்காது. வாசலில் எழில்மதி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் தனம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீரம்மாள் ஆயா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, மேடம் வந்துட்டாங்களா?" என்றேன்.

"வந்தாங்க, போயிட்டாங்க. நீங்கதான் கொறட்டை வுட்டுக்கினு இருந்தீங்களே" என்றாள் ஆயா.

 போச்சு, பிள்ளையைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆயா கிட்டே வந்து என் தோளைப் பிடித்தாள்.

"கேளுங்க மிஸ். மேடம் தனத்தையும் கூட்டிக்கினு வந்தாங்க. வாசல்ல நின்னுக்கினு, 'என்ன இது, டீச்சர் தூங்குறாங்க!'ன்னு ஒரு சத்தம். அவ்ளோதான். இந்தப் புள்ள விருட்டுனு எழுந்திரிச்சி வந்து மேடம் எதிர்ல நின்னுக்கினு, 'சத்தம் போடாதீங்க! மிஸ் தூங்கறாங்க. தூங்கலன்னா டூட்டியில வுழுந்துடுவாங்க!'ன்னுச்சி. அப்பறம் புள்ளைங்க பக்கம் திரும்பி, 'யாரும் பேசக் கூடாது'ன்னு ஒரு அதட்டல். நான் அங்க கொழாயடியில தண்ணி புடிச்சிக்கினு இருக்கேன், எனக்குக் கணீர்னு கேட்டுச்சி. உங்க தொண்ட மாதிரியே தொண்ட மிஸ்!"

"மேடம் என்ன சொன்னாங்க?"

"என்னா சொல்றது? செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கினு சத்தம் வராம போனாங்க."

பத்து மாதம். ஒரு வாக்கியத்துக்காகப் பத்து மாதம் காத்திருந்தேன். ஹெச்.எம். கேட்டார், தனம் கேட்டாள், குழாயடியில் ஆயா கேட்டாள், முப்பது பிள்ளைகள் கேட்டார்கள். நான் ஒருத்திதான் கேட்கவில்லை. எழில்மதியை இழுத்து அணைத்து, "எங்கடி, மிஸ் கிட்ட ஒருதரம் சொல்லு" என்று கெஞ்சினேன். அவள் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மேடம் ரூமுக்குப் போனேன். லெட்டர் நாலாகக் கிழிந்து குப்பைக்கூடையில் கிடந்தது. "ஒண்ணாங் கிளாஸ்ல போட்டாச்சு, சந்தோஷமா?" என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "ஆனா கிளாஸ்ல தூங்கினதுக்கு ஒரு எக்ஸ்பிளனேஷன் எழுதிக் குடுத்துடுங்க மிஸ். ஃபைல்ல இருக்கணும்." காய்ச்சல், மாத்திரை, இனிமேல் நடக்காது என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்த பிறகுதான் சிரிப்பு போயிற்று. இவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கிறது, யாரிடம் சொல்வது? கீழ் வீட்டில் எல்லோரும் திருவதிகைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மதிவாணனுக்குப் போன் போட்டேன். "அக்கா, மேட்ச் ஓடுது. அப்புறம் பேசவா?" என்றான். சரிடா என்றேன். அப்புறம் அவன் கூப்பிடவில்லை. சனிக்கிழமை பூராவும், ஞாயிற்றுக்கிழமை பூராவும் அந்த வாக்கியத்தை நானே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எந்த இடத்தில் குரலை ஏற்றியிருப்பாள்? 'மிஸ் தூங்கறாங்க' என்பதிலா, 'வுழுந்துடுவாங்க' என்பதிலா? நடு வீட்டில் நின்றுகொண்டு ஐம்பத்தாறு வயசுப் பொம்பளை ஐந்து வயசுக் குரலில் பேசிப் பார்த்தால் பைத்தியம் என்பார்கள். சொல்வதற்கும் ஆள் இல்லை, அதனால் தைரியமாகப் பேசிப் பார்த்தேன். சரியாக வரவே இல்லை.

நான் தூங்க வேண்டும் என்பதற்காக ஒருத்தர் இன்னொருத்தரை அதட்டியிருக்கிறார். அது நடந்து எனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று? அம்மா இருந்தபோது, 'புள்ள இப்பத்தான் கண்ணசந்தா, டிவியைக் குறைங்க' என்று அப்பாவை அதட்டுவாள். அதற்கப்புறம் யாரும் இல்லை. அதை நினைத்ததும் அழுகை வந்தது, அழுதேன். ஞாயிற்றுக்கிழமை பகலில், சத்தம் போட்டே அழுதேன்.

திங்கட்கிழமை சீக்கிரமே பள்ளிக்கு வந்துவிட்டேன். தனம் வேலைக்குப் போகிற வழியில் எட்டு மணிக்கு முன்பே பிள்ளையை விட்டுவிட்டுப் போவாள். வகுப்பில் எழில்மதி தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. பையை மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் எழுந்து வந்து என் முட்டியில் கையை வைத்தாள்.

"மிஸ்."

 கொஞ்சம் கரகரப்பான குரல். நான் சொல்லிப் பார்த்த எந்தக் குரலும் இல்லை.

"என்னடி தங்கம்?"

"நல்லா தூங்கினீங்களா?"

"இல்லடி."

"ஏன், உங்க வூட்ல சத்தமா?"

"சத்தமே இல்லடி. யாருமே சத்தம் போட மாட்டாங்க. நான் மட்டும்தானே இருக்கேன்."

அவள் யோசித்தாள். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை.

"அப்ப வூட்லயே நல்லா தூங்கலாமே மிஸ். ஏன் கிளாஸ்ல தூங்கினீங்க? கிளாஸ்ல நந்தினி கத்திக்கினே இருந்தா."

ஹெச்.எம். கேட்ட எக்ஸ்பிளனேஷனுக்கு மாத்திரையின் பெயரை எழுதிக் கொடுத்தேன். இவளிடம் அது செல்லாது. பிள்ளைகளிடம் பொய் சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை.

"சத்தம் இருந்தாத்தான்டி எனக்குத் தூக்கம் வரும்."

எழில்மதி என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். பிறகு தன் சின்ன நாற்காலியைத் தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப நான் பேசிக்கினே இருக்கட்டா மிஸ்? நீங்க தூங்குங்க."

மேஜைமேல் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர்கள் வீட்டுக் கோழியைப் பற்றி ஆரம்பித்தாள். பெல் அடிக்கும் வரை பேசினாள். நான் தூங்கவில்லை, ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.